வேலை நாடுவோர் பாயிரம்

உத்தியோகம் நாடிச் செல்லும் ஒருவர் தம்மைக் குறித்துத் தாமே நான்கைந்து வரிகளில் எழுதிக் கொடுக்கும் சிறு குறிப்பைப் பற்றி ஈண்டு எழுதப் புகுந்தோம். அதற்குத் தமிழில் ஒரு பெயர் இன்னும் வழக்கில் நிலைபெறவில்லை. பயோடேட்டா என்று யாவரும் வழங்கும் தாளின் தலைப்பிலே, பெயருக்கும் முகவரிக்கும் கீழே, படிப்பும் மதிப்பெண்ணும் தொடங்குவதற்கு முன்னே அது நிற்கும். நூலுக்கு முன்னே நிற்பது பாயிரமாதலின் யாம் அதனைப் பாயிரம் என்றே வழங்குவோம். இப்பெயர் அலங்காரத்திற்காக இட்டதன்று என்பது போகப் போக விளங்கும்.

இவ்வாண்டு இறுதி வகுப்பு முடித்துச் செல்லும் நம் தோழர் பலரும் இப்பாயிரத்தை எழுதியிருப்பர், அல்லது எழுதுவித்திருப்பர். எழுதுவித்தலே பெரும்பான்மை. யாம் பிறந்து வளர்ந்த இராஜபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குச் சென்று பெயரையும் படிப்பையும் சொல்லிவிட்டால் எஞ்சியதைக் கடைக்காரரே நிரப்பித் தருவார். அறைகூவல் மிக்கதொரு சூழலில் தன் திறமையை முழுதும் பயன்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சியோடு தானும் வளர விரும்புவதாக ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அவர் கணிப்பொறியில் என்றும் ஆயத்தமாக இருக்கும். நூற்பாலைக்குப் போகிறவனுக்கும் அதுவே. பால்கோவாக் கடையிற் கணக்கெழுதப் போகிறவனுக்கும் அதுவே. மருந்துக் கடைக்குப் போகிறவளுக்கும் அதுவே. ஊரார் எல்லோர்க்கும் ஒரே அளவிற் சட்டை தைத்தாற் போல்வது இது. இக்காலத்திற் கைப்பேசியில் வினவினால் செயற்கை அறிவுப் பொறியே பாயிரம் எழுதித் தருகின்றது. சட்டையின் துணி சற்று உயர்ந்தது. அளவு மாறியதாகத் தெரியவில்லை.

கடைக்காரரை இங்ஙனம் எள்ளி எழுதுதற்கு எமக்கு உரிமையில்லை என்பதையும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் யாமே அவரினும் பெரிய பிழை ஒன்று செய்தோம். இக்கட்டுரை அப்பிழையிலிருந்து பிறந்தது.

இராஜபாளையம் பஞ்சாலும் நூலாலும் வாழும் ஊர். பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936 இல் இராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்தனர். அதன் பின்னர் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. அடுத்துள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணியை நெய்கின்றன. எம் தெருவில் ஓர் அக்காள் இருக்கின்றார். ஆலையொன்றில் ஒன்பது ஆண்டுகள் ரிங் பிரேமில் சைடராக வேலை பார்த்தவர். மாமனார் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தமையால் வேலையை விட்டு ஆறாண்டுகள் வீட்டிலிருந்தார். மாமனார் காலமான பின்னர், மகளின் படிப்புச் செலவைக் கருதி மீண்டும் வேலை தேடினார். பேண்டேஜ் துணி விற்கும் நிறுவனம் ஒன்றில் துணியைப் பரிசோதிக்கும் பிரிவுக்கு ஆள் வேண்டியிருந்தது. அக்காள் எம்மிடம் வந்து, “தம்பி, நீ தமிழ் படிக்கிற பிள்ளை. என்னப் பத்தி நாலு வரி நல்லா எழுதிக் குடுப்பா” என்றார்.

யாமும் எழுதினோம். கால் மணி நேரத்தில் எழுதினோம். கடமையுணர்வும் தலைமைப் பண்பும் பன்முக ஆற்றலும் ஒருங்கே வாய்ந்தவர் என்றும், அயரா உழைப்பினர் என்றும், எப்பணி தரினும் அதனை இனிதே நிறைவேற்றும் இயல்பினர் என்றும் மோனை தவறாமல் எழுதிக் கொடுத்தோம். எழுதியதை இருமுறை உரக்கப் படித்து மகிழ்ந்ததும் உண்டு. அக்காளிடம் ஒரு வினாவேனும் கேட்டோமில்லை.

நேர்காணலில் அத்தாளைக் கையிலெடுத்த அலுவலர், பன்முக ஆற்றல் என்று போட்டிருக்கிறதே, அதில் இரண்டு முகத்தையாவது சொல்லுங்கள் என்றாராம். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்களாம். அக்காள் மறுமொழி தோன்றாது நின்றுவிட்டு வந்தார். எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “நீ நல்லாத்தான் எழுதியிருந்த தம்பி. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியல” என்றார். கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தற்புகழ்ச்சி பற்றித் தமிழ் நூலோர் கூறுவதை அதன் பின்னரே யாம் கருத்தூன்றிப் படித்தோம். நன்னூலை ஆனர்ஸ் வகுப்பிற் பாடமாகக் கேட்டவர்தாம். எனினும் தேர்வுக்குப் படித்தல் வேறு, வேண்டிப் படித்தல் வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் பவணந்தி முனிவர், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டுகோளால் இயற்றிய அந்நூலின் பொதுப்பாயிரத்தில், எத்துணைப் பெருநூலை இயற்றியவனாயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்று விதித்தார். ஆதலால் ஒரு நூலின் சிறப்பைப் பிறரே எடுத்துரைத்தல் வேண்டும். அப்பிறர் யாவரெனின் ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரை செய்தவர் என்போர். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒரு சாலையிற் பயின்றவர் என்பது வழிவழி வரும் செய்தி. இக்காலத்தில் நம் பேராசிரியர்களிடம் நற்சான்றுக் கடிதம் வேண்டி நிற்கின்றோமே, அது இவ்விதியின் எச்சமே. தருமஞ் செய்யும்போது எக்காளம் ஊதலாகாது என்று ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிற் கேட்டு வளர்ந்த எமக்கும் இவ்விதி உவப்பாகவே இருந்தது.

ஆயினும் முனிவர் அவ்விதியோடு நின்றுவிடவில்லை. தற்புகழ்ச்சி குற்றமாகாத இடங்கள் நான்கு உள என்று அடுத்தே கூறுகின்றார். அரசனது அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்பொழுது ஒன்று. தன் ஆற்றலை அறியாதார் நடுவே நிற்கும்பொழுது ஒன்று. சபையில் வாதம் புரிந்து வெல்ல வேண்டியபொழுது ஒன்று. எதிரி தன்னை இழித்துரைத்தபொழுது ஒன்று. வேலை நாடிச் செல்பவனுடைய நிலையை இந்நான்கோடும் ஒப்புநோக்குக. அவன் விண்ணப்பம் எழுதி விடுக்கின்றான். முன்பின் அறியாதார் நடுவே நிற்கின்றான். நூறு பேரோடு போட்டியிடுகின்றான். ‘ஆறு வருடம் சும்மா இருந்தாயா’ என்னும் இழிப்புரையையும் சில வேளை கேட்கின்றான். நான்கு வாயிலும் அவனுக்குத் திறந்தே இருக்கின்றன. எனவே தன்னைப் பற்றிச் சொல்ல நாணுதல் வேண்டா. நம் கிராமப்புறத்து மாணவர் பலர், பெண்கள் சிறப்பாக, இந்நாணத்தாலேயே வாய் மூடி நிற்கின்றனர்.

சொல்லலாம் என்பது துணிந்தாயிற்று. எவற்றைச் சொல்வது? இதற்கும் அப்பாயிர இலக்கணமே வழி காட்டுகின்றது. சிறப்புப் பாயிரத்தில் அமைய வேண்டுவனவாக எட்டுப் பொருள்களை வகுத்துள்ளனர். அவற்றுள் ஆக்கியோன் பெயர், நூல் எந்த வழியில் வந்தது என்பது, எவ்வெல்லைக்குள் வழங்குவது என்பது, கூறும் பொருள் யாது என்பது ஆகியவற்றை எவரும் ஒருவாறு எழுதிவிடுவர்: பெயர், பயின்ற இடம், அறிந்த துறை என்பனவே அவை. நாம் மறந்துபோவன எஞ்சியவற்றுள் இரண்டு. ஒன்று கேட்போர், மற்றொன்று பயன். இத்தாளை வாசிக்கப் போகிறவர் யார், அவருக்கு இதனால் ஆவதென்ன என்னும் இரண்டையும் எண்ணாமலே எழுதுகின்றோம். எம் பாயிரத்தில் அலங்காரம் இருந்தது. கேட்போரும் இல்லை, பயனும் இல்லை.

இவ்விரண்டும் செவ்வனே அமைந்த எடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இராஜபாளையத்திலிருந்து மதுரைச் சாலையிற் சுமார் 11 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் அவ்வூரினர். முப்பது பாசுரங்கொண்ட திருப்பாவையின் இறுதிப் பாசுரம் அந்நூலின் முத்திரை போல்வது. பக்தி நெறியை அந்நெறி அறிந்தோர் உரைப்பர். யாம் அதன் அமைப்பை மட்டுமே நோக்கினோம். ஊரின் பெயர் அதிலுண்டு, தந்தை இன்னார் என்பதுண்டு, தம் பெயருண்டு, செய்தது தமிழ்மாலை என்பதுண்டு, எத்தனை பாட்டு என்னும் தொகையுண்டு, அதனை ஓதுவார் எய்தும் பயனுமுண்டு. இவ்வளவும் ஒரே பாட்டின் பின்பகுதியில் அடங்கிவிடுகின்றன. வேறொன்றும் அதிற் கண்டோம். அழகிய ஊர் என்று ஊருக்கு அடை கொடுக்கின்றார். தந்தையார் அணிந்த தாமரை மாலைக்கு அடை கொடுக்கின்றார். தமிழுக்கும் அடை கொடுக்கின்றார். தம் பெயருக்கு முன்னே தந்தை பெயரையன்றி வேறோர் அடையும் வைத்திலர். நாச்சியார் திருமொழியின் முத்திரைப் பாசுரங்களில் அவர் பெயர்க்கு அடை வருதலும் உண்டு. அதனை மறைக்க விரும்பவில்லை. எனினும் திருப்பாவையின் முடிவில் அடையின்றி நிற்கும் அப்பெயர், யாம் அக்காளின் பெயரைச் சுற்றி அடுக்கிய அடைமொழிகளை நினைவூட்டி எம்மைச் சுட்டது.

தன்னை வாயாரப் புகழ்ந்து எழுதும் மரபும் தமிழிலுண்டு. சீட்டுக்கவி எனப்படும் ஓலைத்தூக்கு அது. புலவர் தம் பெருமையை முழக்கி வள்ளலுக்கு எழுதும் பாட்டு. பாரதியார் 1919 இல் எட்டயபுரம் அரசருக்கு இவ்வகையில் எழுதினார். அதிற் கூறிக்கொண்ட பெருமை யாவும் அவருக்குத் தகும் என்று இன்று உலகமே ஒப்புகின்றது. ஆயினும் அவ்வோலையால் அவர் வறுமை தீர்ந்திலது. 1920 இல் மீண்டும் சுதேசமித்திரனில் வேலை பார்க்கவே சென்றார். சீட்டுக்கவி கொடை வேண்டுவது, வேலை வேண்டுவதன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பிழையென்பது எம் துணிபு.

வேலை வேண்டி எழுதிய ஓலைகளுள் யாம் பெரிதும் போற்றுவது கணித மேதை இராமானுஜன் 1912 ஆம் ஆண்டு பிப்ரவரி 9 ஆம் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்திற்கு எழுதிய விண்ணப்பம். அப்போது அவருக்கு வயது 24. கும்பகோணத்துக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்து, பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறாதவர். கணிதம் ஒன்றையே பற்றிக்கொண்டு ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் நேர்ந்தது அது. மணமாகியிருந்தது, நிலையான வருவாய் இல்லை. இத்தகையவர் தம்மைப் பற்றி என்ன எழுதுவார்? குமாஸ்தா வேலை ஒன்று காலியிருப்பதாக அறிந்து விண்ணப்பிப்பதாகச் சொன்னார். மெட்ரிகுலேஷன் தேறியதையும் எப்.ஏ. வரை பயின்றதையும் சொன்னார். எதிர்பாராத இடையூறுகளால் மேற்படிப்புத் தடைப்பட்டது என்றார். ஆயினும் தம் காலமெல்லாம் கணிதத்திலேயே செலவாகின்றது என்றார். வேலை கிடைத்தால் அதனை ஒழுங்காகச் செய்ய முடியும் என்னும் நம்பிக்கை தமக்குண்டு என்று முடித்தார். அவ்வளவே. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் என்பாரின் நற்சான்று அதனோடு சென்றது. மார்ச்சு முதல் நாள் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலையில் அமர்ந்தார்.

இவ்விண்ணப்பத்தில் இரண்டு இடங்களை நிறுத்திப் பார்க்க வேண்டும். தோல்வியை அவர் மறைத்திலர், எப்.ஏ. தேறியதாக எழுதினாரல்லர், ‘வரை பயின்றேன்’ என்றார். ஆயினும் அத்தோல்வியை நீட்டி அழவும் இல்லை. தடைப்பட்டது என்று ஒரு சொல்லில் முடித்து, ‘ஆயினும்’ என்று அடுத்ததற்குச் சென்றுவிட்டார். தோற்ற நாளில் யாது செய்துகொண்டிருந்தார் என்பதை அவ்வடுத்த வரி சொல்லிற்று. படிப்பிலோ வேலையிலோ இடைவெளி உடையவர் யாவரும் அறிய வேண்டிய முறை இது.

மற்றொன்று, அவர் சொல்லாது விட்டது. உலகம் அதுவரை காணாத தேற்றங்கள் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் நிறைந்திருந்தன. துறைமுகத்து விண்ணப்பத்தில் அவற்றுள் ஒன்றையும் எழுதினாரில்லை. கணக்கு வரவு பார்ப்பவருக்கு அவற்றால் ஆவதென்ன? ஏறத்தாழ ஓராண்டு சென்று, 1913 ஜனவரி 16 இல், அதே மனிதர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். துறைமுகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் பெறும் குமாஸ்தா என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பல்கலைக்கழகக் கல்வி இல்லையென்பதை இங்கும் ஒளிக்கவில்லை. ஆனால் இக்கடிதத்தோடு தாள் தாளாகத் தேற்றங்களை இணைத்தனுப்பினார். எழுதியவர் ஒருவரே, கேட்போர் வேறாயினர், பாயிரமும் வேறாயிற்று. அக்கடிதத்தின் பயனாக 1914 இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

கேட்போரை அறிந்து எழுதுதலில் இத்தாலி தேசத்து லியனார்டோ டாவின்சியும் வல்லவர். 1482 ஐ ஒட்டிய காலத்தில் மிலான் நகரத்து ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்ஸாவுக்கு அவர் வரைந்த கடிதம் ஒன்றுண்டு. பாலம் கட்டுவேன், பீரங்கி வார்ப்பேன், அகழி நீரை வடிப்பேன் என்று போருக்காகும் பணிகளையே வரிசையாக எண்ணிச் சென்றார். ஓவியமும் சிற்பமும் இறுதியில் வருகின்றன. போருக்கு ஆயத்தமாகும் ஒருவருக்கு எழுதுகின்றோம் என்பதை அவர் ஒருபொழுதும் மறந்திலர். நம்ப முடியாததாகத் தோன்றினால் எவ்விடத்திலும் செய்து காட்டச் சித்தமாக இருப்பதாகவும் அதில் முடித்திருக்கின்றார். இச்செய்து காட்டல் எம் நெஞ்சிற் பதிந்தது.

இவற்றையெல்லாம் மனத்திற் கொண்டு, ஒரு மாலை அக்காளின் வீட்டுத் திண்ணையில் நோட்டோடு அமர்ந்தோம். இம்முறை எழுதும் வேலையைப் பின்னுக்கு வைத்துக் கேட்கும் வேலையை முன்னுக்கு வைத்தோம். ‘உங்கள் திறமை என்ன’ என்று கேட்டால் எவரும் விழிப்பர், அக்காளும் விழித்தார். ‘காலையில் ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டோம். உடனே பேச்சு பெருகிற்று. 1008 கதிர்கள் சுழலும் பொறி. கதிர் என்பது நூல் சுற்றிக்கொள்ளும் தண்டு. எங்கே இழை அறுகின்றதென்று கண்ணாற் பார்ப்பதற்கு முன்னே சிலவேளை காதாலேயே அறிந்துவிடுவாராம். அறுந்த இழையை ஒட்டிவிட்டு நகர்வது இத்தனை நொடியில் என்று விரலைச் சொடுக்கிக் காட்டினார். புதிதாக வரும் பெண்களை மேஸ்திரி இவரிடமே விடுவாராம். இவை ஒன்றும் யாம் முன் எழுதிய தாளில் இல்லை. ‘பன்முக ஆற்றல்’ என்னும் சொல்லுக்குப் பின்னால் அனைத்தும் மறைந்துகிடந்தன.

அந்த ஆறாண்டுகளைப் பற்றிக் கேட்கத் தயங்கினோம். அவரே சொன்னார். மாமனாருக்குப் படுக்கைப் புண். நாள்தோறும் கழுவிக் கட்டுப் போட வேண்டும். “பேண்டேஜ்ல ஒரு பிசிறு இருந்தாப் போதும் தம்பி, புண்ணுல ஒட்டிக்கிடும். பிரிக்கையில அவுக கத்துவாக. கட்டுறதுக்கு முந்தி துணிய வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டுத்தான் கட்டுவேன்” என்றார். யாம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தோம். துணியைப் பரிசோதிக்கும் வேலைக்கு ஆள் தேடுகிறவர் கேட்க விரும்புவது இதைவிட யாது? வீட்டில் சும்மா இருந்ததாக அவரும் எண்ணியிருந்தார், ஊரும் எண்ணியிருந்தது. ஆறாண்டும் அவர் செய்தது அந்த வேலையையே.

எழுதி முடித்த பாயிரம் இது: “நூற்பாலையில் ரிங் பிரேமில் ஒன்பது ஆண்டு சைடராக வேலை செய்தேன். 1008 கதிருள்ள பொறியைத் தனியாகக் கவனித்தேன். புதிதாக வந்த பன்னிரண்டு பெண்களுக்கு வேலை பழக்கினேன். மாமனார் படுக்கையில் இருந்ததால் ஆறு ஆண்டு வேலைக்குச் செல்லவில்லை. அந்நாளில் அவர் புண்ணுக்கு நாள்தோறும் கட்டுப் போட்டேன். பேண்டேஜ் துணியில் எந்தக் குறை நோயாளியை வருத்தும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் துணியை அரைநாள் என்னிடம் கொடுத்துப் பார்க்கலாம்.”

தமிழ் ஆனர்ஸ் மாணவன் எழுதியதென்று சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. ஆயினும் எந்த வரியைத் தொட்டு எவர் எதைக் கேட்டாலும் அக்காள் அரைமணி நேரம் மறுமொழி சொல்ல வல்லவர். எழுதிய வரிக்குப் பின்னால் நிற்க ஆள் உண்டா என்பதே யாம் இப்போது இட்டுப் பார்க்கும் சோதனை. எழுதிய பின்னர் ஒருமுறை வாய்விட்டுப் படித்தலும் நன்று. தன் வாயில் வாராத சொல் நேர்காணலிலும் வாராது. நீளம் இவ்வளவே போதும். நூறு தாளைப் புரட்டுகின்றவர் ஒன்றன்மேல் அரை நிமிடம் தங்கினால் பெரிது.

வேலையே பார்த்திராத மாணவன் என் செய்வான் என்று வினவலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழர் ஒருவர் வணிகவியல் பயில்பவர். தமக்கு அனுபவம் ஒன்றுமில்லை என்று வருந்தினார். அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்ததை யாவரும் அறிவர். இவருடைய மாமா அத்தொழிலினர். இரண்டு கோடை விடுமுறையிலும் அக்கடையில் நாள்தோறும் வந்த பாலின் அளவையும், இட்ட சர்க்கரையையும், இறங்கிய கோவாவின் எடையையும் இவரே நோட்டில் எழுதியிருக்கின்றார். எந்தெந்த நாளிற் பாலுக்குத் தக்க கோவா இறங்கவில்லை என்று மாமாவுக்குக் காட்டியும் இருக்கின்றார். இதனை அனுபவம் என்று அவர் கருதவேயில்லை. வீட்டு வேலை என்று கருதினார். கணக்கியலில் ஆர்வமுடையவன் என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, இதை எழுதச் சொன்னோம். தேவாலயத்திற் பாடகர் குழுவுக்கு வருகைப் பதிவு வைத்தவர், விடுதியில் உணவுக் கணக்குப் பார்த்தவர், தம்பி தங்கையர்க்குப் பாடம் சொன்னவர் என்று நம்மிடையே எத்தனை பேர்! அவர்தம் தாளில் இவை இரா. ‘விரைந்து கற்கும் இயல்பினன்’ என்பது இருக்கும்.

அக்காள் அப்பாயிரத்தை எடுத்துக்கொண்டு வேறொரு நிறுவனத்திற்குச் சென்றார். அங்கே தாளைப் படித்தவர் ஒன்றும் கேளாமல் ஒரு கட்டுத் துணியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாராம். மாலை வரை பார்த்துவிட்டு, ஒரு மாதம் வந்து பாருங்கள் என்றாராம். இதை எழுதும்போது அம்மாதம் முடியவில்லை.

சொல்லாது விட்டதொன்று உண்டு. யாம் முதலில் எழுதிய வரைவில், வேலை பழக்கிய பெண்கள் பதினான்கு பேர் என்று இருந்தது; திண்ணையில் அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்ன தொகையே அது. மறுநாட் காலை, யாம் பல் துலக்கிக்கொண்டிருக்கையில், அக்காள் தாளோடு வாசலில் வந்து நின்றார். “பன்னெண்டுன்னு மாத்து தம்பி. ரெண்டு பிள்ளைக ஒரு வாரத்துலயே நின்னுட்டாக. அவுகளுக்கு நான் வேலை பழக்குனேன்னு எப்படிச் சொல்றது?” என்றார். மாற்றிக் கொடுத்தோம்.